மொட்டையடிச்ச தலையும் மெஷினு முழுங்கின கார்டும்

சித்திரை பொறந்து மூணாம் நாள், வெள்ளிக்கிழமை. காலையில ஏழு மணி இருக்கும். அட்டுவம்பட்டி வீட்டுல எங்கண்ணன் காப்பித் தம்ளரைக் கையில வெச்சுக்கிட்டே நெஞ்சைப் பிடிச்சாரு. தம்ளரு கீழ விழுந்துச்சு. மனுசனுக்கு வேர்த்து ஊத்துது. கொடைக்கானல் குளுருல வெள்ளனே ஏழு மணிக்கு யாருக்காச்சும் வேர்க்குமா?

நான் பொறந்தது இந்த மலையிலதான். மேல்மலையில பூண்டு போடுற குடும்பம். மலேசியாவுக்குக் கட்டிக்குடுத்து இருபத்திரெண்டு வருசம் ஆச்சு. இப்ப அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டு, அந்த நாட்டு பேங்கு கார்டு. மகளுக்கு நல்லபடியாப் பிரசவம் ஆனா முடி குடுக்குறேன்னு பழனி ஆண்டவருக்கு வேண்டியிருந்தேன். ஆச்சு. புதன்கிழமை பழனியில மொட்டை போட்டுக் கும்பிட்டுட்டு, அண்ணன் வீட்டுக்கு வந்து ரெண்டு நாளுகூட முடியல. தலை எரியுதுன்னு அன்னைக்குக் காலையிலயும் சந்தனம் பூசியிருந்தேன்.

ஒண்ணு சொல்லிர்றேன். நான் சந்தேகப் பிராணி. பால்காரரு முன்னாலயே பாலுல வெரல விட்டுப் பாக்குறவ. எங்க மதினி, அதான் அண்ணன் பொண்டாட்டி, அவங்கள கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து நான் நம்புனதே இல்ல. அன்னைக்கு அண்ணனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுறப்ப, மதினி ஒரு மஞ்சப்பையை அக்குள்ல இடுக்கிக்கிட்டாங்க. பை நெறைய காயிதம். கட்டினவன் உசுருக்குப் போராடுறான், இவங்களுக்குப் பை கேக்குதான்னு தோணுச்சு. அடுத்த நிமிசமே, ஆகா, நெலத்துப் பத்திரம், மூச்சு இருக்கும்போதே கையெழுத்து வாங்கப் பாக்குறாங்கன்னு முடிவே கட்டிட்டேன். எம் புத்தி அப்படி.

டாக்டரு பாத்துட்டு, நெஞ்சுல ரத்தம் கட்டியிருக்கு, கரைக்குறதுக்கு ஒரு ஊசி போட்டாத்தான் மதுரைக்கு எறக்க முடியும்னாரு. மத்தியானத்துக்குள்ள போட்டாகணும். ஊசி வெலை கூட. மதினி காதுல கெடந்த தோட்டைக் கழட்டப் போனாங்க. நான் விடல. "யாரும் யாருகிட்டயும் கையேந்த வேணாம். நான் இருக்கேன்"னு பெருமையாச் சொன்னேன்.

ஆஸ்பத்திரி மெஷினுல என் கார்டைத் தேய்ச்சாங்க. வெளிநாட்டு கார்டு இதுல எடுக்காதுன்னுட்டாங்க. பேங்கு வாசல்ல இருந்த ஏ.டி.எம்.முக்கு ஓடுனேன்.

சீசன் நேரம். நீள வரிசை. எம் முறை வந்து கார்டைச் சொருகுனேன். நாலு நம்பரு போடச் சொல்லுது. எங்க ஊரு கார்டுக்கு ஆறு நம்பரு. அடிக்கவா வேணாமான்னு யோசிச்சு நிக்குறேன். பின்னாடி கொரங்குக் குல்லா போட்ட ஒரு டாக்சிக்காரரு, "யக்கா, வெளிநாட்டு கார்டா? ஆறையும் அடிங்க. வெரசா அடிங்க, உள்ள இழுத்துக்கும்"னாரு.

அவருக்கு எப்படி ஆறுன்னு தெரியும்? எனக்கு வந்துச்சே கோவம். சேலை முந்தானையால மெஷினை மூடிக்கிட்டுத் திரும்பி நின்னு, "எம் பின்னாடி என்னய்யா எட்டிப் பாக்குற? ஒளிஞ்சிருந்து நம்பரு களவாங்குறியா?"ன்னு வாய்க்கு வந்தபடி ஏசுனேன். வரிசையே வேடிக்கை பாத்துச்சு. திட்டி முடிச்சுத் திரும்புறேன், கார்டு இல்ல. மெஷினு முழுங்கிருச்சு.

அந்த மனுசன் கோவப்படல. "உள்ள மேனேஜரைப் பாருங்கக்கா, எடுத்துக் குடுப்பாங்க"ன்னு கையைக் காட்டுனாரு.

மேனேஜரு ஒரு அம்மா. மெஷினைத் தொறக்க வெச்சு கார்டை எடுத்தாங்க. ஆனா கையில குடுக்கல. பாஸ்போர்ட்டைக் கேட்டாங்க. போட்டோவுல நெத்திவரை அடர்த்தியா முடி, கனத்த மொகம். எதுக்க நிக்குறது சந்தனம் பூசுன மொட்டை, அழுது வீங்குன கண்ணு. ரெண்டையும் மாத்தி மாத்திப் பாத்தாங்க.

"இது நீங்கதானாம்மா?"

"நானேதாங்க. பழனியில முடி குடுத்துட்டு வந்துருக்கேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. போன மாசம் ஒருத்தரு அடுத்தவங்க கார்டை இப்படித்தான் வாங்கிட்டுப் போயிட்டாரு. நாந்தான் பதில் சொன்னேன். இன்னொரு ஆதாரம் கொண்டாங்க."

என்ன ஆதாரம்? ஆதார் கெடையாது. ரேசன் கார்டுல பேரு கெடையாது. நான் பொறந்த ஊருல வந்து நான்தான் தங்கமாயின்னு சொல்றேன், கேக்க நாதியில்ல. ஊரையே சந்தேகப்பட்டவளை ஒரு ஆளு உக்காந்து சந்தேகப்படுறாங்க. வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன், எடுக்கல. மணி பதினொண்ணு.

வெளிய படியில உக்காந்துட்டேன். பழனி இருக்குற வடக்குப் பக்கமாத் திரும்பிக் கும்பிட்டேன். கும்பிட்டேனா, சண்டை போட்டேனான்னு தெரியல. "ஏலே முருகா! உனக்குக் குடுத்த முடிதானடா இன்னைக்கு என் கழுத்தை அறுக்குது? பெத்தவங்க போனப்பறம் எனக்கு அப்பன் ஆத்தா எல்லாம் அந்த அண்ணன்தான். அவரை விட்டுரு. வேணும்னா என்னைய எடுத்துக்க. எனக்கு யாரும் இல்லடா இங்க"ன்னு வாய்விட்டு அழுதேன். சுத்துலா வந்தவங்க என்னைய வெலகிப் போனாங்க.

யாரும் இல்லன்னு சொன்னப்பறம்தான் மதினி ஞாபகம் வந்துச்சு. மானத்தை விட்டு போனைப் போட்டேன். "மதினி, கார்டைத் தர மாட்டேங்குறாங்க. நான் நானில்லைங்குறாங்க."

கால் மணி நேரத்துல மூச்சு வாங்க வந்து நின்னாங்க. செருப்புகூட இல்ல. அக்குள்ல அதே மஞ்சப்பை. "ஏத்தா தங்கமாயி, இதுல ஏதாச்சும் ஒரு காயிதம் ஒதவாதா?"ன்னு மேனேஜரம்மா மேசையில அப்படியே கொட்டுனாங்க.

அப்பவும் என் கண்ணு பத்திரத்தைத்தான் தேடுச்சு. பத்திரமும் இல்ல, பட்டாவும் இல்ல. ரேசன் கார்டு, அண்ணன் ஆதார், ஆஸ்பத்திரியில கேப்பாங்கன்னு எடுத்து, அங்க செல்லாதுன்னு திருப்பிக் குடுத்த இன்சூரன்ஸ் கார்டு. அதுக்கடியில பிளாஸ்டிக் கவருக்குள்ள பழுப்பேறுன ஒரு தாளு. எட்டாவது முடிச்சப்ப பள்ளிக்கூடத்துல குடுத்த என் டி.சி. "உங்கண்ணன் பத்திரப்படுத்துனது. தங்கச்சிக்கு என்னைக்காச்சும் வேணும்பாரு. நான் கை வெச்சதில்ல"ன்னாங்க மதினி.

மேனேஜரம்மா அதை வாங்கி பாஸ்போர்ட்டோட வெச்சு வாசிச்சாங்க. பேரு, அப்பா பேரு, பொறந்த தேதி எல்லாம் ஒத்துப்போச்சு. கீழ அங்க அடையாளம்னு போட்டிருந்துச்சு. அதுல வெரல வெச்சுக்கிட்டு என்னைய நிமிந்து பாத்தாங்க.

"கொஞ்சம் தலையைத் திருப்புங்க."

எந்திரிச்சு எங்கிட்ட வந்தாங்க. கைக்குட்டையால என் எடது காதுக்கு மேல இருந்த சந்தனத்தைத் தொடச்சாங்க. பெறகு மதினிகிட்ட வாசிச்சுக் காட்டுனாங்க: "தலையில், இடது காதுக்கு மேல் ஒரு தழும்பு."

எனக்கே மறந்துபோச்சுங்க அது! நான் எட்டாவது படிக்கையில அண்ணன் பேரிக்கா மரத்துல கல்லெறிஞ்சாரு. காய் விழுகல, கல்லு எந் தலையில விழுந்துச்சு. அஞ்சு தையலு. புண்ணு ஆறாத நேரத்துல டி.சி. எழுதுன வாத்தியாரு அதையே அடையாளமா எழுதிட்டாரு. முப்பத்தஞ்சு வருசமா முடிக்குள்ள கெடந்துச்சு. முடி இருந்திருந்தா யாரு கண்ணுலயும் பட்டிருக்காது. அந்த எடத்துலயே "முருகா"ன்னு மேசையில தலையை வெச்சு அழுதேன். மேனேஜரம்மாவும் கண்ணைத் தொடச்சுக்கிட்டாங்க.

நோட்டுல கையெழுத்து வாங்கிக்கிட்டு கார்டைக் குடுத்தாங்க. மெஷினு வரைக்கும் கூடவே வந்தாங்க. இந்தத் தடவை யாரு பின்னாடி நின்னாங்கன்னு நான் திரும்பவே இல்ல. ஆறு நம்பரையும் அடிச்சேன். பணம் வந்துச்சு. பன்னெண்டு மணிக்கு ஊசி போட்டாச்சு.

சாயங்காலம் அண்ணனை மதுரைக்கு எறக்குனோம். மூணாம் நாள் நல்லாக் கண்ணு முழிச்சாரு. பக்கத்துல குனிஞ்சு கஞ்சி குடுத்துக்கிட்டிருந்தேன். எந் தலையையே பாத்தாரு. மெதுவாக் கையைத் தூக்கி அந்தத் தழும்பைத் தொட்டாரு.

"இன்னுமா கெடக்கு இது? அன்னைக்கு எங்கையால உன்னைய கொன்னே போட்டிருப்பேன் தாயி."

"அந்தக் கல்லுதாண்ணே உன்னைய இன்னைக்குப் பொழைக்க வெச்சுச்சு"ன்னேன். அவருக்குப் புரியல. மதினி சொல்லச் சொல்லக் கேட்டுட்டு, பழனி எந்தப் பக்கம்னு கேட்டாரு. படுத்தபடியே அந்தப் பக்கமாக் கையெடுத்துக் கும்பிட்டாரு.

இப்ப அண்ணன் பழையபடி பூண்டுக் காட்டுக்குப் போறாரு. மதினிகிட்ட எம் மனசுல இருந்த அழுக்கை எல்லாம் சொல்லிக் கால்ல விழுந்தேன். "எனக்குத் தெரியும் போடி"ன்னு சிரிச்சாங்க. அந்த டாக்சிக்காரரைத்தான் திரும்பப் பாக்கவே முடியல. அவரு எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும். பாஸ்போர்ட்டோட சேத்து அந்த டி.சி.யையும் இப்ப கூடவே வெச்சிருக்கேன்.

எனக்கு முடி வளந்து தழும்பு மறைஞ்சுபோச்சு. தலை சீவுறப்ப சீப்பு அந்த எடத்துல தட்டும். தட்டும்போதெல்லாம் முருகான்னுதான் வாய்ல வரும். கும்பிட்டது வீணாப்போச்சேன்னு உங்கள்ல யாராச்சும் இன்னைக்குப் படியில உக்காந்து அழுதுக்கிட்டு இருந்தா, இன்னும் கொஞ்ச நேரம் பொறுங்க. அவரை நம்புங்க. நானே நம்பிட்டேன், உங்களுக்கென்ன?