பழி என்றொரு கட்டளை

எங்கள் மருத்துவமனையில் அவளைக் கொத்தனார் என்றுதான் கூப்பிடுவோம். அவள் கரண்டியையும் தூக்குக்குண்டையும் கையால் தொட்டதில்லை. மாடிப்படிக்கு அடியில், ஜன்னல் இல்லாத கம்ப்யூட்டர் அறையில் உட்கார்ந்து வேலை பார்த்தவள். நான் பக்கத்து ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். நடுவில் ஒரே ஒரு சுவர். லேபிள் பிரிண்டர் மக்கர் பண்ணினால் சுவரைத் தட்டுவேன். ஸ்க்ரூ டிரைவரோடு வந்து நிற்பாள். அப்படி ஏற்பட்ட பழக்கம்.

ரத்தம் எடுத்த குழாய் ஒவ்வொன்றிலும் பார்கோடு ஒட்டுவோம். அந்தக் கறுப்புக் கோடுகளைப் படித்துத்தான் இது இன்னார் ரத்தம் என்று மிஷின் சொல்லும். கோடுகளை வரையவும் படிக்கவும் தெரிந்த நிரல் தொகுப்பு ஒன்று ஜாவா என்ற கணினி மொழியில் இருந்தது. பல ஊர்க்காரர்கள் சம்பளம் வாங்காமல் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று திறந்து வைத்தது. நாங்களும் எடுத்துக்கொண்டோம். ஒருமுறை அதில் கோளாறு வந்து எங்கள் குழாய்களில் பாதி படிக்காமல் போயிற்று. என்னவென்று பார்க்கப் போனவள் அங்கேயே தங்கிவிட்டாள்.

அங்கே அவளுக்கு எழுதுகிற வேலை இல்லை. ஆளாளுக்கு எழுதி அனுப்புவதை ஒன்றாகச் சேர்த்துக் கட்டுவது, கட்டியது நிற்குமா என்று சோதிப்பது, பொட்டலமாக்கிக் கையெழுத்துப் போட்டு உலகத்துக்கே பொதுவான இணையக் கிடங்கில் ஏற்றுவது. இதைக் கட்டுமானம் என்று யாரோ சொல்லப் போய்த்தான் கொத்தனார் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தப் பொட்டலத்துக்கு ஜார் என்று பெயராம். அது தெரிந்த நாளிலிருந்து, தெருமுனையில் பியூட்டி பார்லர் வைத்திருக்கும் அவள் அக்கா, "என்னடி, ஜாடி வியாபாரம் எப்படிப் போகுது?" என்றுதான் நலம் விசாரிப்பாள்.

சோதனை விஷயத்தில் அவளுக்கு ஒரு வெறி உண்டு. "புது லேபிளை எவன் வேணா படிச்சிடுவான். கசங்கினதைப் படிச்சாத்தான் அது மிஷின்" என்பாள். என் குப்பைக்கூடையைக் கிளறி, நனைந்தது, கிழிந்தது, கையுறையில் ஒட்டிச் சுருண்டது எல்லாவற்றையும் பொறுக்குவாள். நோயாளி பெயரை மறைத்துவிட்டுப் படம் எடுப்பாள். அக்கா கடையின் தலைச்சாயம் வழிந்த புட்டிகளும், லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவர் கொண்டுவரும் கிரீஸ் படிந்த அட்டைப்பெட்டிகளும் அந்தச் சேகரிப்பில் சேர்ந்தன. ஒவ்வொரு படத்துக்கும் சரியான விடை என்ன என்று எழுதி வைத்தாள். யார் எந்த வரியை மாற்றினாலும் அத்தனை படங்களையும் மறுபடி படிக்க வேண்டும். ஒன்று பிசகினாலும் பொட்டலம் கட்டமாட்டாள்.

இந்தத் தொகுப்பை ஆரம்பித்தவர் ஒரு முன்னாள் கல்லூரி விரிவுரையாளர். மூளைக்காரர், அதில் சந்தேகமில்லை. ஒரு பெரிய நிறுவனம் அவரைச் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டு, இனி முழுநேரமும் இதையே பாருங்கள் என்றது. கொஞ்ச நாளில் ஒரு மாநாட்டு மேடையில் அவர் பேசிய வீடியோ வந்தது. மதியச் சாப்பாட்டின்போது அவள் போனில் பார்த்தோம். கூட்டத்தில் யாரோ, "பொட்டலம் கட்டி வெளியிடறதெல்லாம் யாரு சார் பாக்கறாங்க?" என்று கேட்டார்கள்.

அவர் சிரித்தார். "அதுவா? நான் சிற்பி. சிலை செதுக்கறது என் வேலை. கீழே விழுற தூசியைப் பெருக்கறதுக்கு ஒரு அம்மா இருக்காங்க, பெருக்கிடுவாங்க."

மண்டபமே சிரித்தது. கொத்தனார் போனைக் கவிழ்த்து வைத்தாள். டிபன் பாக்ஸைக் கழுவி, துடைத்து, மூடிக்கொண்டு எழுந்து போனாள்.

அதோடு நின்றிருந்தால் ஒருவேளை ஆறியிருக்கும். அந்த மாதமே சிற்பி எல்லாவற்றையும் நிறுவனத்தின் புது ஏற்பாட்டுக்கு மாற்றினார். தொகுப்பில் கை வைக்க அவளுக்கு இருந்த அனுமதியைப் பறித்தார். பங்களித்தவர்கள் பெயர்ப் பட்டியலில் அவள் பெயர் இல்லை. அதைக்கூடப் பொறுத்திருப்பாள். அவர் புதிதாக எழுதியிருந்த வேகமான வாசிப்பான் கசங்கின படங்களில் தடுமாறியது. வாசிப்பானைத் திருத்துவதை விட்டுவிட்டு, "பழைய குப்பை" என்று ஒரு குறிப்பு எழுதி, படங்கள் மொத்தத்தையும் அழித்தார். சோதனைகள் எல்லாம் 'தேறியது' என்று பச்சையாகிவிட்டன. தேர்வுத்தாளைக் கிழித்துப்போட்டால் யார்தான் தோற்பார்கள்? அவளுக்கு ஒரே ஒரு வரி வந்தது: "மிக்க நன்றி, இனி எல்லாம் தானாக நடக்கும்."

"நான் இவனைச் சும்மா விடப் போறதில்லை" என்று என்னிடம் சொன்னாள். கோபத்தில் சொல்லியிருந்தால் பயந்திருக்க மாட்டேன். நாளைக்குக் காய் வாங்கணும் என்கிற குரலில் சொன்னாள்.

அதன்பிறகு அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. லேபிள் பிரிண்டரில் ரோல் மாட்டும்போதுகூட உதடு அசையும். யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருப்பாள். தலை வாராமல் வேலைக்கு வந்தாள். அக்கா பார்லரிலிருந்து சீப்போடு வந்து, "என்ன, தலையை விரிச்சுப் போட்டு சபதம் எடுத்திருக்கியா? சபதத்தைப் பின்னல் போட்டுக்கிட்டே நிறைவேத்து, உக்காரு" என்று அதட்டிப் பின்னிவிட்டாள். பின்னிக்கொண்டே, "அவன் மூஞ்சியில கரியைப் பூசாம விட்டே, நீ எனக்குத் தங்கச்சியே இல்லை" என்றும் சொன்னாள். அந்தக் குடும்பமே அப்படித்தான்.

அவளிடம் ஓர் ஆயுதம் இருந்தது. கிடங்கில் ஏற்றும் பொட்டலத்துக்குப் போடுகிற டிஜிட்டல் கையெழுத்தின் சாவி. அனுமதிகளைப் பறித்த சிற்பிக்கு அந்தச் சாவி ஞாபகம் வரவே இல்லை. பெருக்குகிறவளிடம் சாவி இருக்கும் என்று அவருக்கு எப்படித் தோன்றும்? அவள் நினைத்தால் சிற்பியின் பெயரில் எதை வேண்டுமானாலும் ஏற்றலாம். உலகம் முழுக்க எடுத்து மாட்டிக்கொள்ளும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அதைச் செய்யவும் உட்கார்ந்தாள். எந்தக் கோட்டைக் காட்டினாலும் "தூசியைப் பெருக்கவும்" என்றே படிக்கிற மாதிரி ஒரு பொட்டலம். கட்டி முடித்துக் கையெழுத்தும் போட்டாகிவிட்டது. ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. கணவர் பக்கத்தில் செய்தித்தாளை விரித்து அதன்மேல் ஒரு லிஃப்டின் பிரேக் துண்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் சொல்லிக் காட்டினாள். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தாள்.

அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. "ஏம்மா, கட்டட ஓனர் என்னை எத்தனையோ தடவை நாய் மாதிரி விரட்டியிருக்கான். ஒரு போல்ட்டை லூசா விட்டா போதும். ஆனா அந்த லிஃப்ட்ல அவன் போக மாட்டானே. எவனோ போவான்."

"அதுக்காக இவனை விட்டுடச் சொல்றீங்களா?"

"யார் விடச் சொன்னது? அவன் மேல மட்டும் விழற மாதிரி யோசி."

அவளுக்கு என் கூடம் நினைவுக்கு வந்ததாம். குழாய் அடுக்கின் முன்னால் நான் நிற்பது. பொட்டலத்தை அழித்தாள். மறுநாள் திட்டத்தின் பொதுப் பக்கத்தில், எல்லோரும் பார்க்க எழுதினாள்: சாவி இன்னும் என்னிடம் இருக்கிறது, வாங்கிக்கொண்டு பூட்டை மாற்றுங்கள். பூட்டை மாற்றினார்கள். நன்றிகூட வரவில்லை. "இனிமே எது நடந்தாலும் நான் பண்ணினேன்னு எவனும் சொல்ல முடியாது. இப்ப ஆரம்பிக்கலாம்" என்றாள் என்னிடம்.

திறந்து வைத்த தொகுப்பை யாரும் பிரதி எடுக்கலாம். அழிப்பதற்கு முந்தைய நிலையை, படங்களோடு சேர்த்து, அவள் தன் பெயரில் பிரதி எடுத்துக்கொண்டாள். கீல் உடைந்த பழைய லேப்டாப் ஒன்றை வீட்டு ஃப்ரிட்ஜின் மேல் ஏற்றி வைத்தாள். சிற்பி எப்போது புதுப் பதிப்பு வெளியிட்டாலும் அது தானே இறக்கி, கசங்கின படங்களையெல்லாம் காட்டி, எவை தப்பாகப் படிக்கப்பட்டன என்று ஒரு பொதுப் பக்கத்தில் போட்டுவிடும். படம், சரியான விடை, சிற்பியின் வாசிப்பான் சொன்ன விடை, தப்புக்குக் காரணமான வரி, அந்த வரியை எழுதியவர் பெயர்.

எந்த வரியை யார் எழுதினார்கள் என்று காட்ட நிரல் எழுதுபவர்களிடம் ஏற்கெனவே ஒரு கட்டளை இருக்கிறது. அதற்கு ஆங்கிலத்தில் வைத்திருக்கிற பெயரைத் தமிழில் சொன்னால் 'பழி'. இதை எனக்கு விளக்கும்போது அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை அவள் கல்யாண போட்டோவில்கூட நான் பார்த்ததில்லை. "பாத்தியா? நான் வாங்கவே வேண்டாம். அதுவே எடுத்துக் குடுக்குது."

அவள் போட்ட பக்கத்தில் ஒரு வசைச்சொல் கிடையாது. அதுதான் அதன் விஷம். சிற்பியின் பெயர் வரிசையாக, ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றது. முதலில் யாரும் கவனிக்கவில்லை. பிறகு ஒரு மருந்துக் கிடங்குக்காரர் தன் தொல்லைக்குக் காரணம் தேடி அங்கே வந்து சேர்ந்தார். நாலு பேரிடம் சொன்னார். நிறுவனம் ஒரு பெரிய வாடிக்கையாளருக்குச் செயல்விளக்கம் காட்டிய கூட்டத்தில், வாடிக்கையாளரின் ஆள் அவளுடைய பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டே கேள்வி கேட்டிருக்கிறார்.

சிற்பி போன் செய்தார். அவள் ஸ்பீக்கரில் போட்டு, சுவரைத் தட்டி என்னைக் கூப்பிட்டாள்.

"என்னம்மா இது, ஊர் பூரா என் மானத்தை வாங்கறீங்க?"

"நான் ஒரு வார்த்தை எழுதலையே சார். எல்லாம் தானா நடக்குது."

"உங்க பேரைத் திரும்பப் போட்டுடறேன். அந்தப் பக்கத்தை எடுத்துடுங்க."

"என் பேர் எங்கே இருக்கணுமோ அங்கே இருக்கு. உங்க பேரை எடுக்கணும்னா வழி சுலபம் சார். படத்தைச் சரியாப் படிக்க வைங்க, அதுவா போயிடும்."

"உங்களுக்கு என்னதாம்மா வேணும்?"

"இதுதான்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அன்றைக்கு அவள் எனக்கு வாங்கித் தந்த காபியை அவளே குடித்துவிட்டாள். அவ்வளவு நிலைகொள்ளவில்லை.

ஆட்கள் ஒவ்வொருவராகச் சிற்பியை விட்டு இவள் பிரதிக்கு மாறினார்கள். எழுதிக் கொடுத்தவர்களும் வந்தார்கள். நிறுவனம் சிற்பியை வேறு வேலைக்கு மாற்றிப் பார்த்து, பிறகு அனுப்பிவிட்டது. அந்தச் செய்தி வந்த அன்று அக்கா கடையில் வந்த வாடிக்கையாளர்கள் அத்தனை பேருக்கும் புருவம் இலவசம்.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கும் சௌகரியம்.

எங்கள் கூடத்துக்குப் புதுக் குளிர்பெட்டி வந்தது. அதிலிருந்து எடுத்ததும் குழாய் வியர்க்கும். கோட்டின்மேல் நீர்த்துளி நின்று, கோடு பருத்துத் தெரியும். மிஷின் படிக்காது. துடைத்தால் கோடு கலையும், கையால் எண்ணை அடிக்க எங்களுக்கு அனுமதி இல்லை; பதிவாகாத குழாயை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. வார்டுக்குப் போய் மறுபடி ஊசி குத்த வேண்டும். கொத்தனாரிடம் சொன்னேன். வியர்த்த குழாய்களைப் படம் எடுத்துச் சேர்த்தாள்; அவள் பிரதியிலும் அவை தேறாமல் சிவப்பாகவே நின்றன. "பாக்கறேன்" என்றாள். வாரக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஒருநாள் ரோல் மாற்ற அவள் அறைக்குப் போனேன். திரையில் ஒரு திருத்தம் திறந்திருந்தது. மேலே சிற்பியின் பெயர். 'நீர்த்துளி விழுந்த கோடுகளைப் படித்தல்.' அவள் பிரதியில் சேர்க்கச் சொல்லி அவர் அனுப்பி மாதம் ஒன்றுக்கு மேல் ஆகியிருந்தது.

"இது வேலை செய்யுதா?" என்றேன்.

அவள் திரையை மூடப் போனாள். நான் மறுபடி கேட்டேன்.

"செய்யுது. எல்லாப் படத்தையும் படிக்குது."

"அப்புறம் ஏன் சும்மா வச்சிருக்கே?"

"காத்திருக்கட்டும். நான் எத்தனை நாள் காத்திருந்தேன்!"

எனக்கு வந்த ஆத்திரத்தில் ரோலை மேஜைமேல் போட்டேன். "அவன் எங்கேடி காத்திருக்கான்? அவன் வீட்ல உக்காந்திருக்கான். காலையில ஒரு பச்சைக்குழந்தைக்கு ரெண்டாவது தடவை நரம்பு தேடினேன். அவங்க அம்மா என் கையைப் புடிச்சுக்கிட்டு அழுதா. குத்தறது நான். நீயில்லை."

சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். அன்று முழுக்கச் சுவரை நானும் தட்டவில்லை, அவளும் தட்டவில்லை.

மறுநாள் காலை அவளே வந்தாள். முகம் வீங்கியிருந்தது. "சாயங்காலத்துக்குள்ள புதுப் பொட்டலம் வந்துடும்" என்றாள். "ஆனா அவன் டெஸ்ட் எழுதலை. புரோகிராம் மட்டும் எழுதி அனுப்பியிருக்கான், பழைய திமிர். எழுதினாத்தான் சேர்ப்பேன்."

அந்தத் திருத்தத்தின் கீழே இரண்டே வார்த்தை எழுதினாள்: "டெஸ்ட் எங்கே?" சிற்பி எங்கேயோ விழித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். மதியத்துக்குள் எழுதி அனுப்பினார். ஒழுங்காக, படத்தோடு, விடையோடு. சேர்த்துக்கொண்டாள். மாலையில் என் மிஷின் வியர்த்த குழாயை முதல் தடவையிலேயே படித்தது. நான் சுவரைத் தட்டினேன்.

"மன்னிச்சிட்டியா?" என்று அவள் அக்கா சந்தேகமாகக் கேட்டாள்.

"சேத்துக்கிட்டேன். மன்னிக்கறது வேற டிபார்ட்மென்ட்."

சிற்பி இன்னும் அந்தப் பிரதிக்கு எழுதி அனுப்புகிறார். நல்ல திருத்தங்கள் என்று அவளே ஒப்புக்கொள்கிறாள். இருவரும் நலமா என்றுகூடக் கேட்டுக்கொண்டதில்லை. அவர் எதை அனுப்பினாலும் அவள் சோம்பல் முறித்து, நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டு, கடைசி வரிவரை படிப்பாள். ஒரு காற்புள்ளி அதிகமாக இருந்தாலும் திருப்பி அனுப்புவாள். மற்றவர்களுக்கு அப்படிச் செய்யமாட்டாள், நான் பார்த்திருக்கிறேன். அவரும் சளைக்காமல் திருத்தி அனுப்புகிறார். தண்டனை என்று நினைத்து அனுப்புகிறாரா, வேறு போக்கிடம் இல்லாமல் அனுப்புகிறாரா, எங்களுக்குத் தெரியாது. அவள் கேட்டுக்கொள்ளவும் இல்லை.