கதவோரத் தொட்டி

நெல் ஆராய்ச்சிப் பண்ணையில் கூலி வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குச் சொன்ன முதல் வேலையே தண்ணீர் ஊற்றாமல் இருப்பதுதான். வலைக்கூடாரத்துக்குள் இரண்டு வரிசைத் தொட்டிகள். ஒரு வரிசைக்கு உப்புத் தண்ணீர் அளந்து ஊற்ற வேண்டும். மற்றதற்கு ஒரு சொட்டுகூடக் கூடாது. எட்டாவதோடு நின்றவள் நான். பயிரை வாடவிடுவது ஒரு வேலையா என்று நினைத்துக்கொண்டேன்.

ஆராய்ச்சி செய்கிற பெண் விளக்கினாள். "நெல்லுக்குள்ள சுவிட்ச் மாதிரி ஒரு மரபணு இருக்குக்கா. மண்ணு காஞ்சாலும் உப்பு ஏறினாலும் அது போட்டுக்கும். இலையைச் சுருட்டு, வேரை ஆழமா விடுன்னு சொல்லும். அது எந்தச் செடியில நல்லா வேலை செய்யுதுன்னு தேடறேன்."

"எனக்கு அந்த சுவிட்ச் பொறந்ததுலேருந்து போட்டபடியே இருக்குங்க மேடம்."

"அப்படியே இருந்தா பயிர் வளராதுக்கா. குட்டையா நின்னுடும்."

அவள் சிரித்தாள். எனக்கு ஏனோ சிரிப்பு வரவில்லை. மத்தியானம் இலை சுருண்டால் பரவாயில்லை, காலையிலும் விரியாவிட்டால்தான் பயப்பட வேண்டும் என்றும் அவள்தான் சொல்லிக் கொடுத்தாள்.

ஒரு நாள் காலை அவள் கத்தினாள். "அக்கா, ஓடி வாங்க! எல்லாம் காஞ்சு கிடக்கு, இது ஒண்ணு மட்டும் விரிஞ்சு நிக்குது! மூணு வருஷம்க்கா!"

கதவோரத் தொட்டி. நான் தினமும் உட்கார்ந்து சாப்பிடுகிற இடம். குனிந்து பார்த்தேன். மண்ணில் தாளித்த கடுகு ஒன்று கிடந்தது.

சோற்றுப் பாத்திரம் கழுவிய தண்ணீரைத் தரையில் கொட்டாமல் செடிக்கு ஊற்றுவது எங்கள் வீட்டுப் பழக்கம். டிபன் பாக்ஸை அலசி எத்தனை நாள் அங்கே ஊற்றினேனோ, கைக்குத்தான் தெரியும். அவள் கண் கலங்கி நின்றாள். நான் கடுகை நகத்தால் கிள்ளி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன்.

கதிர் முற்றி, அவள் விதையைக் கவரில் போட்டபோதுதான் சொல்ல வாய் வந்தது. "அந்தத் தொட்டிக்கு நான் தண்ணி ஊத்திட்டேன் மேடம்."

"போன வாரம் விதையை எலி தின்னுடுச்சுன்னீங்க. அதுக்கு முன்னாடி உப்புத் தொட்டியை மாத்தி வெச்சுட்டேன்னு அழுதீங்க. போய்ப் பாத்தா எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. சும்மா இருங்கக்கா."

சும்மா இருந்தேன். புடவை மாற்றும்போதெல்லாம் அந்தக் கடுகையும் மாற்றி முடிந்துகொண்டேன். அந்த விதை பண்ணை வயலில் நாற்றாகி, நடவாகி, பச்சை கட்டியது. பிறகு தண்ணீரை நிறுத்தினார்கள். தினமும் ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு வருகிற பஸ்ஸில், ஆற்றுப் பாலத்துக்குக் கீழே மணல் மட்டும் தெரியும். நான் வானத்தைப் பார்க்க மாட்டேன்.

அன்று வெயில் ஏறும் முன்பே வரப்பில் போய் நின்றேன். பாத்தி முழுக்க இலைகள் ஊசியாகச் சுருண்டிருந்தன. ஒன்றுகூட விரியவில்லை.

பின்னால் ஸ்கூட்டி வந்து நின்றது. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கேட்டாள். "விரிஞ்சிருக்காக்கா?"

முந்தானை முடிச்சை அவிழ்த்து, கடுகை அவள் உள்ளங்கையில் வைத்தேன்.