திருகும் நான்கு நாடுகளும்

ஷரம் எல்-ஷேக்குக்குப் பிழைக்க வந்த இருபத்திரண்டு வருடத்தில் அப்துல் மவ்ஜூத் யாரிடமும் ‘முடியாது’ என்று சொன்னதில்லை. ‘ஹாதிர்’ என்பார். ஆகட்டும், இதோ செய்கிறேன் என்று அர்த்தம். செய்வார் என்று எகிப்தில் யாரும் எதிர்பார்ப்பதில்லை. சொல்லாவிட்டால்தான் கோபம் வரும்.

ஓட்டலில் அவருக்கு ஏசி பார்க்கும் வேலை. பருவநிலை மாநாடு வந்தபோது இந்தியா, சீனா, பிரேசில், தென்னாப்பிரிக்கா நாலும் கூடிப் பேசும் அறையை அவரிடம் விட்டார்கள். மேலாளர் ரஃபீக் கறாராகச் சொல்லிவிட்டார்: “இந்த ரூம்லேருந்து எழுத்துல ஒரு புகார் வந்துச்சு, நீ சோஹாக்குக்கு பஸ் ஏறிட வேண்டியதுதான்.” சொந்த ஊரான சோஹாக்கில் தம்பியின் கோதுமையே இரண்டு வருடமாக வெயிலில் கருகுகிறது. ஐம்பத்தாறு வயதில் அங்கே போய் என்னத்தைச் செய்ய?

பூமியின் சூடு ஏறுவதை ஒன்றரை டிகிரிக்குள் நிறுத்த வந்தவர்களுக்கு அறையின் சூட்டில் ஒத்துப்போகவில்லை. இந்தியருக்கு இருபத்தாறு வேண்டும், பிரேசில் அம்மாளுக்கு இருபது, சீனருக்கு இருபத்துமூன்று. தென்னாப்பிரிக்கருக்கு ஜன்னலைத் திறந்தால் போதும். நாலு பேருக்கும் ‘ஹாதிர்’ சொல்லிவிட்டு மவ்ஜூத் சூட்டைக் கூட்டிக் குறைக்கச் சுவரிலிருந்த திருகைத் திருகுவார். கேட்டவர் உடனே “ஆங், இப்ப பரவால்ல” என்பார். அந்தத் திருகுக்கு ஒயரே கிடையாது. நிஜமான கட்டுப்பாடெல்லாம் கீழ்த்தளத்தில், ரஃபீக்கின் பூட்டுக்குள் இருந்தது.

மூன்றாம் நாள் பிரேசில் அம்மாள் தானே திருகப் போக, திருகு கையோடு வந்துவிட்டது. பின்னால் வெறும் சுவர். அதுவரை ஒரு வரியில்கூடச் சேராத நாலு நாடும் அந்த நிமிடம் ஒன்றுசேர்ந்து புகார் எழுத உட்கார்ந்தன. மவ்ஜூத் வாசலில் நின்றார்.

“‘ஊழியரை நீக்க வேண்டும்’னு போடுங்க” என்றார் சீனர்.

“‘வேண்டும்’ எல்லாம் எதுக்கு? ‘நீக்கலாம்’ போதும்” என்றார் இந்தியர்.

“திருகை மாட்டுனது முன்னாடி இருந்தவங்களாச்சே. அந்தப் பழைய பாவத்துக்கு யாரு பொறுப்பு?” என்றார் தென்னாப்பிரிக்கர். பிரேசில் அம்மாள் ‘அவரவர் வசதிக்கேற்ப’ என்று ஒன்றைச் சேர்த்தார்.

மாலையில் நாலு கையெழுத்தோடு தாள் ரஃபீக்கிடம் வந்தது. அவர் அதை மவ்ஜூதுக்கு உரக்கப் படித்தார்: “‘ஊழியரை நீக்குவது குறித்து, அவரவர் வசதிக்கேற்ப, அடுத்த வருடக் கூட்டத்தில் பேசலாம்.’ இது புகாரா இல்லையாய்யா? என்னதான் சொல்றாங்க?”

“ஹாதிர்ங்கறாங்க, பாஷா.”

ரஃபீக் தாளை மடித்து மேசைக்குள் போட்டார். “சரி, போய் அந்தத் திருகை ஒட்டு. நாளைக்கும் வருவாங்க.”

“ஹாதிர்.”

வேலை தப்பியதில் மவ்ஜூதுக்கு உச்சி குளிர்ந்தது. பசையை எடுத்துக்கொண்டு படியேறும்போதுதான், தம்பியின் கோதுமைக்காகவும் இதே நாலு பேர்தான் இதே அறையில் உட்கார்ந்து எழுதுகிறார்கள் என்பது உறைத்தது. பயமாக இருந்தது.