யாரைப் போல என்று போடுவது

பொய் சொல்லாமல் ஒருவரைப் புகழ முடியுமா? கோவை கணபதி பகுதியில் ஃப்ளெக்ஸ் கடை நடத்தும் தாஜுன்னிசாவின் பிழைப்பே இந்தக் கேள்வியின் மேல்தான் நடந்தது. பிறந்தநாள் கொண்டாடும் வட்டச் செயலாளர் சிங்கம். காதுகுத்திக்கொள்ளும் குழந்தை இளவரசன். கேட்டதை அடித்துக் கொடுப்பார்.

அவரைச் சிந்தனையாளர் என்றெல்லாம் சொல்வதற்கில்லை. ஆனால் சொற்களை எடை பார்க்கத் தெரிந்தவர். வருபவர்களிடம் விளக்கவும் செய்வார். "சிங்கம் போலன்னா ஏதோ ஒரு கொணம் ஒத்துப்போகுதுங்க. சிங்கமேன்னு போட்டா ஆளே அதுதான்னு ஆகிப்போகுமுங்க. மலையப் பேத்தவர்னு போட்டா, அது சும்மா அளப்புங்க." கேட்பவர்கள் சிரித்துவிட்டு மூன்றையும் போடச் சொல்வார்கள்.

போன ஆடியில் லேத் பட்டறை முதலாளி பாலுசாமி இறந்தார். பகல் ஒரு மணிக்கு எடுப்பதாக இருந்தது. அவர் பட்டறையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்த அரங்கசாமி காலையிலேயே கடைக்கு வந்து, தன் பெயரில் ஓர் அஞ்சலி பேனர் வேண்டும் என்றார். வாசகம் இரண்டே சொல்: 'என் தந்தை'.

படம் கேட்டு பாலுசாமியின் மகன் மனோஜ்குமாருக்கு தாஜுன்னிசா போன் செய்தார். பட்டறையின் போர்டுகள் எல்லாம் இவர் கடையில்தான் அடிப்பது. படத்தை அனுப்பிய மனோஜ்குமார் வாசகத்தைக் கேட்டதும் தயங்கினார்.

"அக்கா, 'தந்தை போன்ற'ன்னு போட்டிருங்க. பாக்கறவங்க எங்கப்பாவுக்கு இன்னொரு குடும்பம் இருந்துச்சுன்னு பேசுவாங்க."

அவர் பயத்திலும் நியாயம் இருந்தது. தாஜுன்னிசா அந்தச் சொல்லைச் சேர்த்துவிட்டு, திரையை அரங்கசாமி பக்கம் திருப்பினார். எல்லாரும் அப்படித்தான் போடுவார்கள், மரியாதையாகவும் இருக்கும் என்று எடுத்துச் சொன்னார்.

அரங்கசாமி எழுத்துக் கூட்டிப் படித்தார். கோபப்படவில்லை.

"நா வவுத்துல இருக்கறப்பவே எங்கப்பன் போய்ச் சேந்துட்டாருங்க அம்மணி. அவர் மூஞ்சியே எனக்குத் தெரியாது. அப்பறம் யாரைப் போலன்னு போடறதுங்க?"

தாஜுன்னிசா திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு பிரிண்டரை ஓடவிட்டார்.

பாலுசாமியை எடுத்துப் போகும்போது தெருமுனையில் அந்த பேனர் கட்டியிருந்தது. 'என் தந்தை' என்றுதான் இருந்தது. ஊர் அதைப் படித்தது; யாரும் தப்பாகப் பேசவில்லை.

பதினாறாம் நாள் பேனருக்கு மனோஜ்குமார் அதே கடைக்குத்தான் வந்தார். "ஏனுங்க அக்கா, நாஞ்சொன்னதப் போடலீங்களே?" என்றார்.

தாஜுன்னிசா அவருக்கு டீ சொல்லிவிட்டு, எத்தனை அடி வேண்டும் என்று கேட்டார்.