லெட்சுமி அக்காவைக் கூட்டிக்கொண்டு கோர்ஸ் தேடிய கதை

1. சண்டை போட்ட நாள்

கையுறைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசரோடு சண்டை போட்டு வேலையை விட்ட அன்றுதான், பெர்சனல் டிரெய்னர் ஆகப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். என் கணவர் சோற்றைப் பிசைந்தபடியே, "மொதல்ல நீ குனிஞ்சு கால் வெரலத் தொடு பாப்போம்" என்றார்.

தொட்டுக் காட்டினேன். வருஷக்கணக்கில் லைனில் நின்று நின்று வந்த இடுப்பு வலி ஜிம்முக்குப் போய்த்தான் சரியானது. எனக்குக் கிடைத்ததை எங்கள் ஊரான புக்கிட் செலம்பாவ் பெண்களுக்கும் கொடுக்க வேண்டும் என்று ஆசை. ஆனால் என் சேமிப்பு ஒரே ஒரு கோர்ஸுக்குத்தான் தாங்கும். தப்பான இடத்தில் சேர்ந்தால் மறுபடியும் அதே சூப்பர்வைசர் முன்னால் போய் நிற்க வேண்டும். அதைவிட நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்.

2. யாருமே ஃபெயில் ஆகாத இடம்

சுங்கைப் பட்டாணியில் ஒரு கடைவீட்டு மாடியில் கோர்ஸ் நடந்தது. கவுண்டரில் இருந்த பையன் மரியாதையாகத்தான் பேசினான்.

"டென்ஷன் வேணாம் அக்கா. ரெண்டு வீக்கெண்ட்ல முடிஞ்சிரும், செர்டிஃபிகேட் கைக்கு வந்துரும். இங்க யாரும் ஃபெயில் ஆனதே இல்ல."

"எங்க பக்கத்துல முட்டிவலிக்காரங்கதான் தம்பி வருவாங்க. அவங்களுக்கு என்ன சொல்லிக் குடுக்கறது?"

"அதெல்லாம் வீடியோவுல இருக்கு அக்கா."

"பழகிப் பாக்க அப்படி ஒரு ஆளக் கூட்டிட்டு வரலாமா?"

"வேணாம்லா. நீங்களே ஒருத்தருக்கொருத்தர் செஞ்சு பாத்துக்குவீங்க."

உள்ளே எட்டிப் பார்த்தேன். எல்லாரும் இளவட்டங்கள். ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் முட்டி இருக்கிற ஞாபகமே இல்லை. ஒருநாள் டைம் கேட்டுவிட்டு வந்தேன்.

"ஃபெயிலே ஆவாதுன்னா அங்கயே சேந்துரு" என்றார் கணவர். எனக்கும் பாதி மனசு அங்கேதான் இருந்தது.

மறுநாள் அலோர்ஸ்டாரில் இருந்த இன்னொரு இடத்துக்குப் போன் போட்டு அதே முட்டிவலிக் கேள்வியைக் கேட்டேன். பேசியவர் கோச் ஹஃபீஸ். மலாயில் நிதானமாகச் சொன்னார்: "ஆளைப் பார்க்காமல் எனக்குத் தெரியாது. சனிக்கிழமை டிரையல் கிளாஸ் இருக்கிறது. அப்படி ஒருவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்."

தெரியாது என்று சொல்கிற வாத்தியாரை நான் அதுவரை பார்த்ததில்லை.

3. நாலு திசையும் ஆகாது

பக்கத்து வீட்டு லெட்சுமி அக்காவைக் கேட்டேன். தொழிற்சாலையில் என்னோடு பேக்கிங்கில் இருந்தவர், முட்டியால் வேலையை விட்டவர்.

"நீ படிக்கறதுக்கு என் முட்டிதான் கெடச்சுச்சா?" என்று திட்டினார். ஆனாலும் சனிக்கிழமை காலையில் பஞ்சாபி சூட்டும் மகனுடைய ஸ்போர்ட்ஸ் ஷூவுமாக, எனக்கு முன்னாலேயே காரில் ஏறி உட்கார்ந்திருந்தார்.

கோச் முதலில் டாக்டர் என்ன சொன்னார் என்று விசாரித்தார். பயமில்லை, காலுக்குப் பலம் வந்தால் போதும் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். பிறகு பாயை விரித்து, மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கச் சொன்னார்.

அக்கா அசையவில்லை. கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே, ரோட்டுக்கு அந்தப் பக்கம் கோயில் கோபுரம்.

"கோயிலப் பாத்துக் கால நீட்டறதா? நான் மாட்டேன் ஜெயா."

பாயைத் திருப்பிப் போட்டேன். "அப்ப தல வடக்கால போவுதே. வடக்க தல வெச்சுப் படுப்பாங்களா?" என்றார். வலப்பக்கம் திருப்பினேன். "வாசலப் பாத்துக் கால் நீட்டறது பொணம்டி." இடப்பக்கம் மிச்சம். அங்கே பயிற்சிக்கு வந்த ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அக்கா என்னைப் பார்த்த பார்வையிலேயே பதில் இருந்தது.

எனக்கு மானம் போயிற்று. சேர்வதற்கு முன்னாலேயே என்னைத் துரத்தப் போகிறார்கள் என்று நினைத்தேன். என்ன தகராறு என்று கோச் கேட்டார். தட்டுத் தடுமாறி மலாயில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"நாங்கள் தொழுகிற கிப்லாட் பக்கம் கால் நீட்ட எங்களுக்கும் மனசு வராது" என்றார். பாயைச் சுருட்டி வைத்தார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து, கோபுரத்தைப் பார்க்கிற மாதிரி போட்டார். "காக் லெட்சுமி" என்று மலாயில் அக்கா முறை வைத்துக் கூப்பிட்டார். "இதில் உட்கார்ந்து எழுந்திருங்கள். அதுவும் அதே வேலையைத்தான் செய்யும்."

அக்கா உட்கார்ந்தார். எழுந்திருக்கத் திணறியபோது நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தேன்.

"ஜாங்ஙான் தாரிக்!" என்றார் கோச். இழுக்காதே. "உங்கள் கை பக்கத்தில் இருக்கட்டும். அவரே எழுந்திருக்கட்டும்."

பிறகு அக்காவிடம் குனிந்து, கால் பலமானால் என்ன செய்ய ஆசை என்று கேட்டார். உடம்பு இளைக்கணும் என்பார் என்று நினைத்தேன். அக்கா கோபுரத்தைப் பார்த்தார்.

"கோயில்ல எல்லாரும் கீழ விழுந்து கும்பிடறாங்க. நான் மட்டும் நாற்காலில உக்காந்துருக்கேன். ஆத்தா முன்னால ஒரு தடவ விழுந்து கும்பிட்டு, யாரும் தூக்காம எந்திரிக்கணும்."

எத்தனையோ வருஷமாகப் பக்கத்து வீட்டில் இருக்கிறேன். ஒருநாளும் நான் இதைக் கேட்டதில்லை. கேட்கத் தெரிந்தவரிடம்தான் படிக்க வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன். "இங்கே ஃபெயில் ஆவீர்கள், பரவாயில்லையா?" என்றார் கோச். தலையாட்டினேன்.

4. ஃபெயிலும் பாஸும்

சொன்னபடியே ஃபெயில் ஆனேன். பிராக்டிகல் பரீட்சைக்கு என் பயிற்சி ஆளாக வந்த லெட்சுமி அக்கா தரையிலிருந்து எழும்போது லேசாகத் தடுமாறினார். என் கை என்னைக் கேட்காமல் போய் அவரைத் தூக்கிவிட்டது. கணவர் அன்றைக்குக் கிண்டல் பண்ணாமல் டீ போட்டுக் கொடுத்தார். அதற்காகவும் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அடுத்த முறை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பாஸ் ஆனேன்.

அந்த வருஷம் எங்கள் எஸ்டேட் மாரியம்மன் திருவிழாவில், தீபாராதனை முடிந்ததும் அக்கா சேலையை இழுத்துச் செருகினார். மெல்ல மண்டியிட்டு, நெற்றியைத் தரையில் வைத்தார். வெகுநேரம் தலை தூக்கவில்லை. அவர் மகன் பதறி ஓடிவந்தான்.

"தொடாத தம்பி" என்றேன்.

அக்கா ஒரு காலை ஊன்றினார். தொடையில் கையை வைத்து அழுத்தி எழுந்து நின்றார். நெற்றியில் மண் ஒட்டியிருந்தது. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"என்னாடி அழுவற? அந்தக் கோச்சுக்குப் போன் போட்டுச் சொல்லு."

அங்கேயே நின்று போன் போட்டேன். மேளச் சத்தத்துக்கு நடுவே, அக்கா தானாகவே எழுந்துவிட்டார் என்று கத்திச் சொன்னேன். கோச் கேட்டார்:

"எந்தத் திசை பார்த்து?"

எந்தக் கோர்ஸில் சேரலாம் என்று இப்போது பிள்ளைகள் என்னைக் கேட்கிறார்கள். செர்டிஃபிகேட்டில் எத்தனை முத்திரை இருக்கிறது என்று பார்க்காதீர்கள். உங்கள் தெருவிலிருந்து ஒரு லெட்சுமி அக்காவைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்காகப் பாயைச் சுருட்டி நாற்காலி போடுகிற இடத்தில் சேருங்கள்.