விட்டாலும் திட்டு, போட்டாலும் திட்டு

"நீங்கதான ஒண்ணையும் விட்றக் கூடாதுன்னீங்க. இப்ப அம்புட்டையும் ஏன் குறிச்சேன்னா நான் என்ன சார் செய்வேன்?" என்று ஜோதி சூப்பர்வைசரிடம் மல்லுக்கு நின்றாள்.

பட்டாளப் பயிற்சித் திடல்களை வானத்திலிருந்து எடுத்த படங்களில் வண்டிகளைத் தேடி, கணினித் திரையில் ஒவ்வொன்றையும் சுற்றிக் கட்டம் போடுவது ராஜபாளையத்தில் எங்கள் பிழைப்பு. அடுத்தவர் சொல்லுக்குக் கண்ணை வாடகைக்கு விட்டிருக்கும் சகோதரிகளே, உங்களுக்குப் புரியும்.

வைக்கோல் படை

சூப்பர்வைசர் ஓய்வுபெற்ற சுபேதார். ஜோதி ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள், வேலைக்குப் புதுசு. அவள் குறிக்கும் படங்கள் தேறினால்தான் வேலை நிரந்தரம். அந்தப் பயத்தில் வண்டிகளோடு வைக்கோல்போர், தண்ணீர்த்தொட்டி, ஒரு கோழிக்கூண்டு வரை கட்டம் போட்டுவிட்டாள். சுபேதார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏம்மா, நம்மட்ட இம்புட்டு பீரங்கி இருந்தா என்னை ஏன் ரிட்டயர் பண்ணுனாங்க?"

நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும்

மறுநாள் உத்தரவு மாறியது: நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் குறிக்கவும். இது எனக்குத் தோதான உத்தரவு. கான்வென்ட்டில் படித்தவள் நான், தெரியாத கேள்வியைத் தொட்டே பழக்கமில்லை. நான் போட்ட கட்டம் ஒன்றுகூடத் தப்பில்லை. மரத்தடியில் வலை போர்த்தி நின்ற லாரிகளை மட்டும் வரிசையாக விட்டிருந்தேன். ஜோதி என் திரையை எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, நீங்க போட்டது அம்புட்டும் சரி. போடாததுதான் சண்டைக்கு வரும்."

நாற்காலி மாற்றம்

அந்தப் பேச்சு குத்தியது, ஆனால் வழியும் காட்டியது. முதலில் ஜோதி தாராளமாகக் குறிக்கட்டும், பிறகு நான் உட்கார்ந்து, காரணம் சொல்லி அழிக்கிறேன் என்று சுபேதாரிடம் கேட்டேன். மீசையைத் தடவிக்கொண்டே சம்மதித்தார். ஒரு தார்ப்பாய்க் குவியலை அழிக்கப் போனபோது ஜோதி என் கையைப் பிடித்தாள். சக்கரத் தடம் ஒன்று அதற்கு அடியில் போய் முடிந்திருந்தது. அந்தக் கட்டத்தை விட்டுவைத்தேன். படங்கள் தேறின. ஜோதிக்கு வேலை நிரந்தரம் என்று சொல்ல வந்த சுபேதார், கையோடு எனக்கும் ஒரு குட்டு வைத்தார்.

"அந்தப் பொண்ணை இனி பக்கத்துலயே வச்சுக்கிடுங்க. தனியா விட்டா ரெண்டு பேருமே ஆபத்து."

விடுவது பெரிய தப்பா, தப்பாகக் குறிப்பது பெரிய தப்பா என்று அடுத்த வேலைக்காவது முதலிலேயே சொல்லிவிடுங்கள் என்று தலைமை அலுவலகத்தின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டிருக்கிறேன். எல்லாரும் படித்துவிட்டதாக நீல டிக் காட்டுகிறது, பதிலைத்தான் எந்தப் படத்திலும் காணோம்.