நான் மாற்றிய வரி

போர் நின்றிருந்த சமாதான காலத்தில் மல்லாவிச் சந்தையடியில் ஒரு தொலைபேசிக் கடையில் வேலை பார்த்தேன். வெளிநாட்டுக்குப் போகும் மின்னஞ்சல்களைக் கணினியில் அடிப்பதும் வருகிற பதில்களை வாசித்துக் காட்டுவதும் என் வேலை.

வெள்ளிக்கிழமைகளில் ஒரு அக்கா வருவார். கணவர் சுவிஸில். கொப்பித் தாளில் பென்சிலால் நாலு வரிக் கவிதை எழுதி வந்து நீட்டுவார். நான் அடித்து முடிக்கும்வரை என்னைப் பார்க்காமல் வீதியையே பார்த்துக்கொண்டு நிற்பார். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. நானும் கவிதை எழுதுகிறவள் என்ற கர்வம் இருந்தது.

ஒருமுறை கணவரின் சட்டையைப் பற்றி இப்படித் தொடங்கியிருந்தார்: 'உங்கட சேட்டைத் தோய்ச்சுக் காயப் போட்டன். ஆரும் உடுக்காத சேட்டு ஏன் ஊத்தையாகுது.' இரண்டாவது வரி கவிதை போலவே எனக்குப் படவில்லை. அவரைக் கேட்காமலே அதை எடுத்துவிட்டு, நிலவொளியில் கண்ணீர் காய்வதாக ஒரு வரி போட்டு அனுப்பினேன்.

அடுத்த வெள்ளி கணவரின் பதில் வந்திருந்தது. "இது நீ கதைக்கிற மாதிரி இல்லை. ஆர் எழுதித் தந்தது? எங்கட விசயத்தை ஆருக்குச் சொல்லுறாய்?"

அக்காவுக்கு அதை வாசித்துக் காட்டினேன். செய்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"அந்தச் சேட்டைப் போட்டுக்கொண்டுதான் தங்கச்சி நான் படுக்கிறனான். வாசிச்சா அவருக்கு விளங்கியிருக்கும்."

பிழை என்னுடையது என்று எழுதி, அவருடைய வரியையும் சேர்த்து அன்றைக்கே அனுப்பினேன். அந்த வாரமே சண்டை தொடங்கியது. வெளியே போகும் பாதை பூட்டப்பட்டது, கடையின் இணைப்பும் போனது. அக்கா வருவதை மட்டும் நிறுத்தவில்லை.

"வந்ததோ?"

"லைன் இல்லை அக்கா."

பிறகு கடையும் இல்லை, மல்லாவியும் இல்லை. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, இரண்டாயிரத்து ஒன்பதில் வவுனியா முகாமில் தண்ணீர் வரிசையில் அவரைக் கண்டேன். கணவரின் பழைய தொலைபேசி இலக்கம் வேலை செய்யவில்லை, வேறு தகவலும் இல்லை என்றார். வெளியே போய்வர அனுமதி கிடைத்ததும் வவுனியா நகரத்தில் ஒரு கணினிக் கடைக்குப் போனேன். அக்காவின் மின்னஞ்சல் கணக்கை உருவாக்கிக் கொடுத்தவள் நான்தான் என்பதால் கடவுச்சொல் நினைவிருந்தது. நீண்டகாலம் திறக்காததால் கணக்கு நீக்கப்பட்டிருந்தது. வந்த கடிதங்கள் ஏதும் இருந்திருந்தால் அவையும் போய்விட்டன. கணவரின் முகவரிக்குப் புதிதாக ஒன்று எழுதினேன். அது சேராமல் திரும்பி வந்தது.

முகாமுக்குத் திரும்பி அவரிடம் சொன்னேன்.

"அப்ப அவர் பதில் எழுதினவரோ, இல்லையோ?"

"தெரியாது அக்கா."

"நல்லாப் பாத்தனீங்களே?"

"ஓம் அக்கா."

மறுநாள் காலையிலும் வந்து அவர் பதில் எழுதினவரோ என்றுதான் கேட்டார். தெரியாது அக்கா என்றே மறுபடியும் சொன்னேன்.